பழைய கென்டருக்கு டர்போ இன்ஜின்: மலைப்பாதையில் சரிவருமா?

2024 பெப்ரவரி 3, வெலிமடை வாசகர் ஒருவரின் கேள்வி

என்னிடம் 4டீ30 டீசல் இன்ஜின் உள்ள பழைய கென்டர் லொறி இருக்கிறது. உருளைக்கிழங்கும் கோவாவும் ஏற்றுகிறேன். பாரத்தோடு ஏற்றத்தில் இரண்டாம் கியரைத் தாண்ட முடிவதில்லை. டர்போ இன்ஜின் போடு என்று ஒருவர் சொல்கிறார். என் எண்ணம் வேறு. டர்போ எல்லாம் அதிவேகப் பாதையில் பறக்கிற வண்டிக்கு. முப்பதில் ஊர்கிற மலை லொறிக்கு அது வீண் செலவு. டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 4

நேர்மாறு. அதிவேகப் பாதைக்காரருக்கு டர்போ ஆடம்பரம். தேவை என்று இருப்பது நமக்குத்தான்.

காரணம் காற்று. டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற சாமான். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபஸ்கால். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஏறக்குறைய 81 தான். உங்கள் பம்புக்கு இது தெரியாது. பேலியகொடையில் எவ்வளவு டீசல் அடித்ததோ அதே அளவைத்தான் லபுக்கலையிலும் அடிக்கும். எரிய வழியில்லாத டீசல் கரும்புகையாகப் போகும். லபுக்கலைக்கு மேலே முன்னால் போகிற லொறியின் இலக்கத்தகடு தெரியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வராதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் புகை முழுக்க யாரோ காசு கொடுத்து வாங்கின டீசல். பம்பைக் கூட்டினால் புகை கூடும், சூடு கூடும், இழுவை கூடாது.

நானும் என் கூட்டாளியும் அவனுடைய 1984 கென்டருக்கு இந்த வேலையை ஆரம்பித்திருக்கிறோம். வண்டி கந்தப்பளையில் நிற்கிறது. அவன் மரக்கறி ஏற்றுகிறான். நான் தேயிலை பக்டரியில் ஃபிட்டர். நடக்க நடக்க இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 5

லொறியையே மாற்றலாமே என்று கேட்டிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய லொறிக்கு என்ன விலை சொன்னார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கூட்டாளி பார்த்த வண்டிகள் எல்லாம் அவனுடையதைவிடத் துருப்பிடித்தவை. விலையில் மட்டும் துரு இல்லை.

பெப்ரவரி 11

பண்டாரவளையிலிருந்து பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் என் கணக்கோடு இன்னொன்றைச் சேர்க்கச் சொல்கிறார். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவது சரி, ஆனால் மேலே குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. கொழும்பில் 30 பாகை, நுவரெலியாவில் 15 பாகை என்று வைத்தால், இன்ஜினுக்குள் போகிற காற்றில் ஆறில் ஒரு பங்குதான் உண்மையில் குறைகிறது என்கிறார். போட்டுப் பார்த்தேன், அவர் சொல்வதுதான் கணக்கு. சரி, ஆறில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர் இன்ஜினில் அரைச் சிலிண்டருக்கு மேலேயே காணாமல் போகிறது. பாரத்தை யாரும் ஆறில் ஒரு பங்கு குறைத்து ஏற்றுவதில்லை.

மலைக்கும் டர்போவுக்கும் உறவு பழையது. அல்பிரட் பியூகி என்ற சுவிஸ் பொறியியலாளர் 1905 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1918 இல் அமெரிக்காவில் சன்போர்ட் மொஸ் என்பவர் லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை லொறியில் கட்டி, கொலராடோவிலுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஏற்றினார். கிட்டத்தட்ட 4,300 மீற்றர். கீழே 350 குதிரைவலு கொடுத்த இன்ஜின் உச்சியில் 230 தான் கொடுத்தது. டர்போவைப் பூட்டினார்கள், 356 வந்தது. கீழே கிடைத்ததைவிட ஆறு கூட.

இதைக் கூட்டாளியிடம் பெரிதாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதைச் சுமந்துகொண்டு ஏறின லொறிக்கு என்ன இன்ஜின் மச்சான்?" என்றான்.

பெப்ரவரி 25

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தோம். எடுத்தது 4டீ31 டர்போ, ஜப்பானில் கழற்றி வந்தது.

ஏன் இது? பழைய 4டீ30 க்கும் இதற்கும் போர் (சிலிண்டரின் அகலம்) 100 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற தூரம்) 105. இரண்டுமே 3,298 சீசீ. ஒரே குடும்பம், அதனால் உட்கார வைப்பதில் பெரிய சண்டை இருக்காது என்று நினைக்கிறோம். கடைக்காரர் 4டீ33 ஐத் தள்ளப் பார்த்தார். 4,214 சீசீ, டர்போ இல்லாமலே இழுக்கும், பழுதாக ஒரு சாமான் குறைவு என்றார். கெட்ட யோசனை இல்லை. ஆனால் மேலே ஏற ஏற அதற்கும் அதே ஆறில் ஒரு பங்கு போகும்.

இன்ஜின் பார்க்கப் போகிறவர்களுக்கு: டர்போவின் காற்று உள்ளே போகும் பக்கத்துக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அடுத்த கடை. உள்ளே சின்னச் சக்கரம் தெரியும். அதன் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் ஆடும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஓடும்போது ஒயில் படலத்தில் மிதக்கிற தண்டு அது. ஆனால் அப்படி ஆட்டும்போது சக்கரத்தின் விளிம்பு சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே தெரியக் கூடாது. பிறகு பிளேட் நுனிகளை நகத்தால் தடவுங்கள். எங்களுக்கு முதலில் காட்டின இன்ஜினில் நுனியெல்லாம் பொளிந்து கிடந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிற சக்கரம், ஒழுங்கான ஃபில்டர் இல்லாமல் மணல் தின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் புதுப் பெயின்ட், பளபளப்பு.

அடுத்தது பம்ப். டர்போ இன்ஜினுக்குரிய பம்ப் கூடவே வர வேண்டும். அதன் ஒரு முனையில் வட்டமாக ஒரு சின்ன டப்பா இருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற மெனிபோல்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்குப் போகும். காற்று ஏறினால் டீசலைக் கூட்டு, ஏறாவிட்டால் கூட்டாதே என்று பம்புக்குச் சொல்கிற சாமான் அதுதான். அதைக் கழற்றி அடைத்துவிட்டோ, சாதா இன்ஜின் பம்பை மாட்டிவிட்டோ விற்கிறார்கள். வாங்கினால் நீங்கள் வாங்கியது பாதி இன்ஜின்.

இன்ஜினுக்கு அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பின் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் வருவது தண்ணீர் என்றால் விலை கேட்கவே வேண்டாம்.

மார்ச் 3

இன்ஜின் இன்னும் பலகைப் பெட்டிக்குள். கூட்டாளி முன்கண்ணாடியில் டர்போ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். முருகன் படத்துக்குப் பக்கத்தில். சந்தியில் ஒரு பெரியவர், இது எந்த ஊர்ச் சாமி தம்பி என்று கேட்டாராம்.

மார்ச் 17

இன்று இன்ஜின் உள்ளே இறங்கியது.

கெபினைக் கழற்றித் தனியாக வைத்தோம். தரைத்தகடு ஓட்டை விழுந்திருந்ததால் எப்படியும் வெல்டிங் வேலை இருந்தது. மூன்று டர்பன்டைன் மரக் கட்டைகளை முக்காலியாகக் கட்டி செயின் புளொக்கைத் தொங்கவிட்டோம். பழைய இன்ஜினைத் தூக்கும்போது மழை. கந்தப்பளையில் மழைக்கு நின்றால் ஒரு வேலையும் முடியாது, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத் தொடர்ந்தோம்.

இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற பெல் ஹவுசிங் துளைகள் பொருந்தின. புது இன்ஜினோடு வந்த பிளைவீலையே வைத்தோம். ஆனால் இன்ஜினைத் தூக்குவதற்கு முன்பே கிளச் பிளேட்டைக் கையில் எடுத்து, கியர் பெட்டித் தண்டில் அதன் நடுப்பல் ஏறுகிறதா என்று போட்டுப் பார்த்தோம். முந்நூறு கிலோவுக்கு மேல் சங்கிலியில் தொங்கும்போது இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் பிளேட் புதிது. பழையது கூடின இழுவைக்கு வழுக்கும்.

நேரத்தைத் தின்றவை வேறு.

டர்போவுக்கு ஒயில் போகிற குழாய் மெல்லியது. அழுத்தத்தில் போவதால் எப்படி வளைத்தாலும் போகும். திரும்பி வருகிறது அப்படியல்ல. நுரை கலந்த ஒயில் தன் பாரத்தில் தானாகக் கீழே விழ வேண்டும். அந்தக் குழாய் பெருவிரல் தடிப்புக்குக் குறையக் கூடாது, எந்த இடத்திலும் மேல்நோக்கி ஏறக் கூடாது, சம்ப்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். எங்கள் இன்ஜினோடு வந்த குழாய் செஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இடித்தது. ரப்பர் குழாயை வளைத்துச் செருகினால் போச்சு என்றார் லேத்துக்காரர். ரப்பர் சூட்டில் தொய்யும், தொய்ந்த இடத்தில் ஒயில் தேங்கும், தேங்கினது டர்போ சீலைத் தாண்டி எக்ஸோஸ்டுக்குள் போகும். நீலப்புகை வரும். டர்போ போய்விட்டது என்று நல்ல டர்போவைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் நீலமாகப் புகைக்கும். இரும்புக் குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, சூடாக்கி வளைத்தோம். பிறகு அந்த மணலை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுக்க டீசலில் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்து, மறுபடி கழுவி… வளைத்ததைவிட அதற்குத்தான் அதிக நேரம்.

மற்றது பிரேக் குழாய். டர்போவின் எக்ஸோஸ்ட் முழங்கைக் குழாய் செஸியின் உள்பக்கமாக இறங்குகிறது. அதற்கு நாலு விரல் தள்ளி, பின் சில்லுக்குப் போகிற பிரேக் குழாய். பழைய இன்ஜினில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நீண்ட ஏற்றத்தில் அந்த முழங்கை எவ்வளவு சுடும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் ஒயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும், அதுவும் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும்போது. குழாயைச் செஸியின் வெளிப்பக்கமாகப் புதிதாக ஓட்டி, நடுவில் தகடு ஒன்றும் அடித்தோம். கூட்டாளி தகடு மட்டும் போதும் என்று வாதாடினான். அவன்தான் ஓட்டப் போகிறான் என்று ஞாபகப்படுத்தினேன்.

மார்ச் 24

"இருக்கிற 4டீ30 க்கே டர்போவை மட்டும் வாங்கிப் பூட்டலாமா?" ராகலை, பதுளை, மஸ்கெலியா, எல்லாப் பக்கமிருந்தும் இதே கேள்வி.

பூட்டலாம். ஓடும். எவ்வளவு காலம் என்பதுதான் பிரச்சினை. டர்போவுக்கென்று கட்டின இன்ஜின்களில் பெரும்பாலும் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஒயில் பீச்சிக் குளிரவைக்கிற குழாய் இருக்கும், பிஸ்டனே வேறு, ஒயில் கூலர் பெரிது. வெளியே தெரியாத இடத்தில்தான் வித்தியாசம். அதோடு 4டீ30 சிலிண்டருக்கு முன்னாலுள்ள சின்ன அறையில் எரிக்கத் தொடங்குகிற பழைய முன்னறை வகை, 4டீ31 பிஸ்டன் தலையில் நேரடியாக டீசலைப் பீச்சுகிற வகை. முன்னறை வகையில் ஏற்கெனவே சூடு அதிகமாக ஹெட்டுக்குள் போகிறது, அதற்கு மேலே டர்போ வேறு. தட்டையான ஊரில் ஐந்து நிமிடம் மிதித்துவிட்டுக் காலை எடுக்கலாம். புசல்லாவையிலிருந்து நுவரெலியா வரை எங்கே காலை எடுப்பீர்கள்?

மிகக் குறைந்த அழுத்தத்தில், பம்பைத் தொடாமல், மலையில் இழந்த காற்றை மட்டும் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் பூட்டினால் சரிவரலாம் என்று பண்டாரவளை ஆசிரியர் எழுதியிருக்கிறார். கணக்குப்படி சரி. ஆனால் பூட்டினவன் பம்பைத் தொடாமல் இருக்க மாட்டான்.

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு வாழ்த்து. வண்டி ஓடுகிறது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஒயில் துளையில் கையாலேயே ஒயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டோம். பிறகு டீசலை அடைத்துவிட்டு, ஒயில் கேஜ் எழும்பும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றினோம். காய்ந்த பேரிங்கில் ஒரு லட்சம் சுற்று சுற்றவிட்டால் அதோடு கதை முடிந்தது.

சீசன் கூட்டத்தில் நுவரெலியாவில் ஓட்டிப் பார்க்க முடியாமல் ரம்பொடை வரை இறங்கி ஏறினோம். அங்கே சுரங்கப்பாதை 225 மீற்றர். கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாம் கியரில் மிதித்தால் டர்போ ஊளை சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. கூட்டாளி திரும்பவும் போகலாம் என்றான். போனோம். எதிரே வந்த வேன்காரர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு லொறியைக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் இங்கே கிண்டல் செய்திருக்கிறார். 1934 இல் தொடங்கின போட்டி, இன்னும் லீக்ஸ் ஏற்றின கென்டர் அதில் ஓடினதாகத் தெரியவில்லை.

மே 5

பாரம் ஏற்றினதும் குறை தெரிந்தது. வெறும் வண்டியில் நன்றாக இழுக்கிறது. பாரத்தோடு செங்குத்தில் முதலில் இழுத்து, பிறகு மூச்சு முட்டுகிறது, கரும்புகை. நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பம்ப் கடைக்காரர் பம்ப் என்றார். ரேடியேட்டர் கடைக்காரர் ரேடியேட்டர் என்றார். அவரவர் கடை.

கடைசியில் கெபின் தூக்கினபடி கூட்டாளி மிதிக்க, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் அவன் பழைய ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டிருந்தான். சும்மா ஓடும்போது உருண்டையாக நிற்கிறது. மிதித்துப் பிடித்தால் நடுவில் அமுங்கி, பாதிக்கு மேல் மூடிக்கொள்கிறது. டர்போ ஒரு பக்கம் ஊதுகிறது என்றால் மறுபக்கம் உறிஞ்சுகிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஊதுகிற பக்கத்துக்கு நல்ல கிளிப், நல்ல ஹோஸ் என்று தேடித் தேடிப் போட்டான். உறிஞ்சுகிற பக்கத்துக்குக் கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் வேண்டும். மாற்றினோம், புகை போனது.

பம்பை மட்டும் பெஞ்சில் வைத்து அளவு பார்த்தோம், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. திருகாணியில் ஈயச் சீல் வைத்து வாங்கினேன். கூட்டாளிக்காகத்தான் அந்தச் சீல்.

மே 12

இன்டர்கூலர், அதாவது டர்போ அமுக்கிச் சூடாக்கின காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிரவைக்கிற சாமான். பெப்ரவரியில் ஒருவருக்குத் தேவையில்லை என்று பதில் எழுதியிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

எங்கள் கேஜ் பத்து பீ.எஸ்.ஐ. வரை போகிறது. அது ஏறக்குறைய 69 கிலோபஸ்கால். நுவரெலியாவின் 81 உடன் கூட்டினால் 150. கடற்கரையில் டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் அமுக்கின காற்று சுடும், 17 பாகையில் உள்ளே போனது வெளியே வரும்போது 100 பாகையைத் தொடும். குளிர்ந்த ஊருக்குள் ஓடுகிறவரை அது தாங்கும். கொழும்புக்கு இறங்கி, கினிகத்தேனை வழியாகப் பகல் வெயிலில் பாரத்தோடு ஏறி வருகிற வண்டிக்குக் கதை வேறு. அங்கே எக்ஸோஸ்ட் சூடு எங்கள் கேஜில் 700 பாகைப் பக்கம் போகப் பார்த்தது. அதற்கு மேலே போகவிடக் கூடாது. காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்கினால் குறைகிறது.

மறுபக்கம், இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் இரண்டாம் கியர் வேகத்தில் ரேடியேட்டருக்குப் போகிற காற்றை அதுவே மறைக்கும். எங்கள் ரேடியேட்டருக்குக் கோர் ஒன்று கூட்டியிருக்கிறோம், விசிறியைச் சுற்றி உறையும் அடித்திருக்கிறோம், அப்படியும் ஊசி மேலே வருகிறது. இப்போதைக்கு இன்டர்கூலர் இல்லை. கொழும்பு ஓட்டம் கூடினால் பார்ப்போம்.

இன்னொன்று. காற்று மெல்லியதாக இருக்கிற இடத்தில் அதே அழுத்தத்தைக் காட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கேஜில் பத்து என்றால் கொழும்புப் பத்தும் கந்தப்பளைப் பத்தும் டர்போவுக்கு ஒன்றல்ல. ஆகவே அழுத்தத்தைக் கூட்ட, மிஞ்சின புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட்டை இறுக்கிப் பார்க்கிற ஆசையை மலையில் இருப்பவர்கள் விட்டுவிடுங்கள்.

மே 26

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

இந்தப் பாதைகளில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது. கூட்டாளியின் அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, என் அப்பா எனக்கு. நல்ல பாடம். ஆனால் அது பழைய இன்ஜினுக்கு வைத்த அளவு. முன்பு இரண்டாம் கியரில் ஏறின இடத்தில் இப்போது மூன்றாம் கியரில் ஏறுகிறான். அந்தப் பாடப்படி மூன்றில் இறங்கினால்? காலை எடுத்ததும் டர்போ இல்லை. வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதே 3,298 சீசீ, அதே பழைய பிடி, அதுவும் ஒரு கியர் மேலே. ஏற்றம்தான் மாறியிருக்கிறது, இறக்கம் 1984 இல் இருந்தபடியே இருக்கிறது.

போன கிழமை லபுக்கலை இறக்கத்தில் அவன் மூன்றில் இறக்கத் தொடங்கினான். இரண்டாவது வளைவில் மிதி மென்மையாவது பக்கத்தில் இருந்த எனக்கே தெரிந்தது, பிரேக் லைனர் மணம் வேறு. ஒன்றும் பேசாமல் இரண்டுக்கு மாற்றினான். தேநீர்க் கடை வரை ஒன்றும் பேசவில்லை.

பாரமும் கூடுகிறது. ஏற்றத்தில் இழுக்கிறது என்று தெரிந்ததும், இன்னும் பத்து மூட்டை போடு என்று தோட்டக்காரர் சொல்வார், நம் வாயும் சரி என்று சொல்லும். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தச் சரிவுகளுக்கு இன்ஜின் வலு ஒரு பொருட்டே இல்லை.

நாங்கள் மாற்றியவை: நாலு சில்லுக்கும் லைனர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எடுக்கிற ஹோஸ். டீசலில் வெற்றிடம் தருவது ஒல்டர்னேட்டருக்குப் பின்னாலுள்ள சின்னப் பம்ப். பழைய ஹோஸ் கல்லாகக் காய்ந்து வெடித்திருந்தது. புகை போகிற வழியை மூடி வண்டியைப் பிடிக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் தகட்டை டர்போவுக்குப் பின்னால் வைத்தோம், வேலை செய்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

மே 27

கினிகத்தேனைக்காரர் ஒருவர் கேட்டது: எக்ஸோஸ்ட் பிரேக் டர்போவைக் கெடுக்காதா? பின்னழுத்தம் கூடும், சீலுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். டர்போ போனால் காசு போகும். பிரேக் போனால் என்ன போகும் என்று பாருங்கள்.

ஜூன் 16

கடதாசி வேலை. இன்ஜின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழில் மாற்ற வேண்டும். கடை பில்லையும் இறக்குமதிக் கடதாசியின் பிரதியையும் இன்ஜின் வாங்கும்போதே வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் கடைக்காரருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது. பிளொக்கில் அடித்திருக்கிற இலக்கத்தைத் துருவெடுத்து, போட்டோ எடுத்து வைப்பது நல்லது. இன்ஜின் உள்ளே இறங்கின பிறகு அதைப் படிக்க மண்டியிட வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து என்று வந்தால் முதலில் தேடுவது ஒத்துப்போகாத இலக்கத்தைத்தான்.

புகைப் பரிசோதனை பாஸ். நிறுத்தி வைத்த வண்டியில் திடீரென்று முழுவதும் மிதித்துப் பார்க்கிற சோதனை அது. பம்பிலுள்ள அந்த வட்ட டப்பா சரியாக வேலை செய்தால் டர்போ இன்ஜின் சுலபமாகத் தேறும். போன வருடம் பழைய இன்ஜினோடு இதே இடத்தில் என்ன பாடு பட்டான் என்பது தனிக்கதை.

ஜூலை 7

டீசல் எவ்வளவு மிச்சம் என்று கேட்பவர்களுக்கு: வெறும் வண்டியில் வித்தியாசம் தெரியவில்லை. பாரத்தோடு ஏற்றத்தில் குறைகிறது, ஏனென்றால் புகையாகப் போனது இப்போது இழுக்கிறது. அந்த மிச்சத்தை வைத்துப் போட்ட காசை எடுக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனபோது கூட்டாளிக்கு இந்த யோசனை வந்தது. அன்றைய விலையில் போட்ட கணக்கு அழகாக இருந்தது. இன்ஜினுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் மற்றச் சாமான்களுக்குப் போனது அந்தக் கணக்கில் இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: சந்தைக்கு நேரத்தோடு போகிறான், வழியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

ஏறி முடித்து நிறுத்தும்போது ஓரிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கிற ஒயில் சூட்டில் கருகி, அடுப்படிச் சட்டி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பொலிஸ் மறித்து இன்ஜினை நிறுத்து என்றால் என்ன செய்வது என்று கூட்டாளி கேட்கிறான். டர்போவைப் பற்றி விளக்கிச் சொல்லு, அதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும் என்றேன்.

ஜூலை 21

பொகவந்தலாவையிலிருந்து கொழுந்து லொறி ஓட்டுகிற ஒருவர் நீளமாக எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கும் பழைய கென்டர். மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) மடுவமாக நிறுத்தி, கொழுந்தை எடை போட்டு ஏற்றி, பக்டரிக்குப் போக வேண்டும். தோட்டம் செலவில் பாதி தருகிறதாம், டர்போ இன்ஜின் போடலாமா என்கிறார்.

வேண்டாம். இவ்வளவு எழுதின பிறகு இப்படிச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் கொழுந்து இடத்தை அடைக்கும், பாரம் மரக்கறியளவுக்கு வராது. உங்கள் ஓட்டம் ஒரு மடுவத்திலிருந்து அடுத்த மடுவம், கல்லுப் பாதை, முதல் கியர். டர்போ காற்றைத் திரட்டி முடிப்பதற்குள் அடுத்த மடுவம் வந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் இன்ஜினை நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் இரண்டு நிமிடக் காத்திருப்பும் நடக்காது, கங்காணி விடமாட்டார். ஒரு வருடத்தில் டர்போ போய்விடும், தோட்டம் இன்னொரு தடவை பாதி தராது.

அந்தக் காசில் நாலு இன்ஜெக்டர் நொசில், பம்ப் அளவு பார்க்கிற வேலை, வால்வ் இடைவெளி சரிபார்ப்பு, ரேடியேட்டர் கோர், பின் சில்லுகளுக்கு லைனர் எல்லாம் செய்யலாம். புகை பாதியாகும். மிச்சத்துக்கு டயர் வாங்குங்கள், நீங்கள் அனுப்பின படத்தில் பின் இடது பக்கத்தில் நூல் தெரிகிறது.